மயில்துத்தம் பூசிய பெஞ்சு

சேசு மரி சூசை துணை

சிம்பாங் பூலாய்,
9 மே 1927

சம்பந்தி லியோனார்ட் அவர்களுக்கு மரியஜோசப் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நேற்றே கேட்டேன். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் எங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என் கைலியைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் வெளியே நின்று கதவைப் பார்த்துத்தான் பேசினேன். உங்கள் காதில் விழுந்ததோ என்னவோ.

என் மகள் இசபெல்லாவைப் பெண் பார்க்க, ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து படகேறி, ரயிலேறி, மாட்டுவண்டி ஏறி வந்த பெரிய மனிதரை என் வீட்டுப் பெஞ்சு பிடித்துக்கொண்டது. உங்கள் மகன் ராஜு ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்து இழுத்தோம். நீங்கள் எழுந்தீர்கள், பெஞ்சும் கூடவே எழுந்தது. என் மனைவி நவமணி கத்தரிக்கோல் கொண்டுவந்திராவிட்டால் நீங்கள் இன்னும் இங்கேதான் இருப்பீர்கள். உங்கள் வீட்டம்மா கெர்ட்ரூட் அவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறார்கள் என்று நினைத்து நானும் கண் கலங்கினேன். அது அழுகை இல்லை என்கிறாள் நவமணி.

பெஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய தொரை சீமைக்குத் திரும்பியபோது தூக்கிப் போட்ட ஓர் இங்கிலீஷ் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அட்டை கிடையாது. வீட்டுக்கும், கூடாரம் போட்டுத் தங்குகிற இடத்துக்கும், நாமே சுலபமாகச் செய்துகொள்ளக்கூடிய சாமான்கள் பக்கத்துக்குப் பக்கம் படமாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் படம் படம்தானே என்று பார்த்துப் பார்த்துச் செய்வேன். ரப்பர் அனுப்புகிற பெட்டிப் பலகையில் அந்தப் பெஞ்சைச் செய்தேன். படத்தில் மேலே மெத்தை இருந்தது. மெத்தைக்கு நான் எங்கே போவேன்? சாக்கை விரித்து ரப்பர் பாலை ஊற்றி உறையவிட்டேன். வெறும் வெள்ளையாக இருந்தால் நன்றாயிராதே, தொரை பங்களா சோபா மாதிரி பச்சையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மயில்துத்தம் கலந்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

ரப்பரில் செம்பு பட்டால் ரப்பர் இளகிப் பிசின் ஆகிவிடும். இது ரப்பர் பால் உறையவைக்கிற எங்கள் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ரப்பர் உலர்த்தும் புகைவீட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்துகொண்டு, செம்புப் பாத்திரத்தை உள்ளே கொண்டுவந்தவர்களை இருபது வருஷமாகத் திட்டி வருகிறவனே நான்தான். மயில்துத்தம் செம்பிலிருந்து வருகிறது என்று நேற்றுச் சாயந்திரம்தான் எங்கள் ஆபீஸ் கிராணி சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் அரை மணி நேரம் நின்று சிரித்தார்.

நிழலில் இருந்தவரை பெஞ்சு ஒழுங்காகத்தான் இருந்தது. நீங்கள் வருகிறீர்கள் என்று வாசல் வெயிலுக்கு இழுத்துப் போட்டதும் நானே.

உங்கள் வெள்ளைக் கால்சட்டை பத்திரமாக இருக்கிறது. பின்பக்கம் மட்டும் பெஞ்சில் இருக்கிறது. நானே ஒட்டுப் போட்டுத் தைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். பெண்ணைப் பற்றி உங்கள் முடிவை எழுதவும். பெஞ்சைப் பற்றியது எனக்கே தெரியும்.

இப்படிக்கு,
மரியஜோசப்

---

ஹுத்தான் மெலிந்தாங்,
17 மே 1927

திரு. மரியஜோசப் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் பார்சலும் வந்து சேர்ந்தன. முதலில் ஒன்று. சம்பந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தம் இன்னும் ஆகவில்லை. ஆகும்வரை அந்தச் சொல்லைத் தவிர்க்கவும்.

கால்சட்டை விஷயம். ஒட்டுப் போட்ட துணி கோதுமை மாவுச் சாக்கு என்று நினைக்கிறேன். சாக்கில் சிவப்புச் சேவல் ஒன்று அச்சடித்திருந்ததைத் தாங்கள் கவனிக்கவில்லையா? அல்லது கவனித்துத்தான், நான் உட்காரும் இடத்துக்குச் சரியாக நடுவில் வைத்தீர்களா? இருபத்தாறு வருஷம் தென்னந்தோட்டத்தில் தலைமைக் கிராணியாக இருக்கிறேன். பின்பக்கம் சேவலோடு ஆபீசுக்குப் போகச் சொல்கிறீர்களா?

அன்று நான் ஊர் திரும்பிய விதத்தையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே கோட்டு, கழுத்தில் டை, இடுப்பில் தங்கள் பச்சைக் கட்டம் போட்ட கைலி. தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் மாறும்போது எதிர் வண்டியிலிருந்து இறங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தைப்பிங்கில் இருக்கும் என் தமையனார். கோவிலில் ஞானோபதேசம் சொல்லும் உபதேசியாராக இருந்தவர். எங்கள் உறவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் எழுந்து நின்று வாழ்த்துரை சொல்வார். எழுந்து நின்றால் இரண்டு மணி நேரம். உட்கார்ந்தபடி அவருக்கு ஒரு வார்த்தை வராது, நிற்க வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, தலைகிட்ட கிராணி, கால்கிட்ட படகுக்காரனா?" என்றார். ராஜு கல்யாணத்தில் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று நேற்று அவரிடமிருந்து கடிதமும் வந்துவிட்டது.

நிற்க. பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கெர்ட்ரூட்டுக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. ராஜு வாய் திறக்கவில்லை. ஆனால் சோற்றில் உப்பு இல்லாததைக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தான். ஆகவே ஒரு நிபந்தனையின் பேரில் பேச்சைத் தொடரலாம். இன்று முதல் கல்யாணம் முடியும்வரை, தங்கள் கையால் செய்த ஒரு பொருளும் எங்கள் கண்ணில் படக்கூடாது. சீதனத்தில் கூடாது, பந்தலில் கூடாது, நாங்கள் உட்காரும் இடத்தில் சத்தியமாகக் கூடாது. எழுத்தில் ஒப்புக்கொள்ளவும்.

ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு நாங்கள் போகிறோம். தாங்களும் குடும்பத்தோடு வாருங்கள். மூன்று நாள் பக்கத்தில் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கினால் மனிதர் எப்படி என்று தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஆகஸ்ட் ஏழாம் தேதி ஞாயிறு இரண்டு கோவிலிலும் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசிக்கும்படி சாமியாருக்கு எழுதுவேன். இல்லையென்றால் எழுதமாட்டேன்.

ச. லியோனார்ட்

---

சிம்பாங் பூலாய்,
23 மே 1927

மதிப்புக்குரிய லியோனார்ட் அவர்களுக்கு,

நீங்கள் விலக்கிய சொல்லை விலக்கிவிட்டேன். நிபந்தனையை ஒப்புக்கொள்கிறேன். மாதாவின் மேல் ஆணை.

சேவலுக்கு மன்னிப்பு. போத்தல் போத்தலாக மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. நல்ல சாயம்.

உங்கள் கடிதத்தை இசபெல்லா படித்துக் காட்ட, நவமணி கேட்டாள். படித்து முடிப்பதற்குள் சுத்தியலையும் ரம்பத்தையும் எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனி ஆணியைத் தொட்டீங்க, எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவேன்லா" என்றாள்.

"எந்த அண்ணன்?" என்று கேட்டேன். மூன்று பேர் இருக்கிறார்கள்.

"எந்த அண்ணனா இருந்தா என்ன? மூணு பேரு வூட்லயும் நாக்காலி கடையில வாங்குனது!"

பிறகு இசபெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, மூணு மாசம் சும்மா இருக்க முடியுமா ஒங்களால?"

"முடியும்."

"நெசமாவா?"

"ரெண்டு மாசம்னா நல்லாவே முடியும்."

அவள் சிரிக்கவில்லை. என் பெண் எதற்கும் சிரித்துவிடுகிறவள். அன்று சிரிக்காமல் எழுந்து போனதைப் பார்த்த பிறகுதான், உங்கள் ராஜுவை அவளுக்கும் பிடித்துப்போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. பெஞ்சு விழுங்கியது உங்கள் கால்சட்டையை மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

நிபந்தனையில் இரண்டு சந்தேகம். கோபித்துக்கொள்ளாமல் படிக்கவும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே செய்து முடித்த பொருள் கணக்கில் சேருமா? மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஓர் அடுப்பு பாதி ஆகியிருக்கிறது. கூடாரத்தில் காப்பி போடத் தோதாயிருக்கும். இன்னொன்று, ஆணியே அடிக்காமல் கயிற்றில் முடிச்சு மட்டும் போட்டால் அதைக் கைவேலை என்று சொல்லலாமா? சாக்கை நாலு கம்பில் கட்டினால் அருமையான கட்டில் ஆகிறது. படம் பார்த்தேன். பார்க்கத்தான் செய்தேன்.

பெஞ்சைக் கொளுத்திவிடலாம் என்றால் ரப்பர் நாற்றத்துக்கு லயத்து வீட்டு ஜனம் விடவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். நேற்று ஒரு கோழி அதில் ஏறி நின்று, நவமணி வரும்வரை கத்திக்கொண்டிருந்தது.

மரியஜோசப்

---

ஹுத்தான் மெலிந்தாங்,
20 ஜூன் 1927

திரு. மரியஜோசப் அவர்களுக்கு,

சேரும். முடிச்சும் கைவேலையே. கம்பும் கூடாது, சாக்கும் கூடாது, பாதி அடுப்பும் கூடாது. இதற்கு மேல் சந்தேகம் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம், கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. எனவே எழுதுகிறேன்.

சென்ற மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் ராஜு. எங்கள் ஸ்டோரில் கொப்பரை எடைபோடும் பொறுப்பான வேலையில் இருப்பவன். கையில் சுத்தியல், வாயில் ஆணி.

"என்னடா இது?" என்றேன்.

"அலமாரிப்பா."

"எதுக்கு?"

"புஸ்தகம் வைக்க."

"ஒங்கிட்ட ஏதுடா புஸ்தகம்?"

"ஒரு தாள் இருக்குப்பா."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். தங்கள் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம்! பெண் பார்க்கப் போன இடத்தில், தகப்பன் கால்சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இவன் மாமனாராகப் போகிறவரிடம் பாடம் கேட்டிருக்கிறான். நான் தெரியாமல்தான் கேட்கிறேன்: இது தொற்றுவியாதியா? அந்த அலமாரியை இவன் எங்கள் கூடத்துச் சுவரில் அடித்துவிட்டான். கெர்ட்ரூட் அதன் கீழே உட்கார மறுக்கிறாள். நானும்.

திருவிழாவுக்குத் தாங்கள் சிரமப்பட வேண்டாம். தெலுக் ஆன்சன் சீனத் தவுக்கே கடையில் புதிய கூடாரம் ஒன்று வாங்கிவிட்டேன். சீமைத் துணி. பித்தளை வளையம். துணியின் உள்பக்கம் இங்கிலீஷில் சீட்டுத் தைத்திருக்கிறது. இரண்டு குடும்பமும் தாராளமாக அதில் தங்கலாம். கடையில் வாங்கிய பொருள் எப்படி இருக்கும் என்று தாங்கள் ஒருமுறையாவது உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ச. லியோனார்ட்

---

சிம்பாங் பூலாய்,
27 ஜூன் 1927

மதிப்புக்குரிய லியோனார்ட் அவர்களுக்கு,

தாளைக் கொடுத்தவன் நான்தான். ராஜு கேட்டார், கிழித்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் என் புத்தகத்தைக் கேட்ட முதல் ஆள் அவர். தகப்பனார் பெஞ்சோடு நிற்கும்போது கேட்டாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

இனி ராஜுவுக்கு ஒரு தாளும் போகாது. அலமாரிக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆணியை நேராக அடித்திருந்தால் விழும். கொஞ்சம் சாய்த்து அடிக்கச் சொல்லவும். இது கைவேலை இல்லை, வாய்வேலைதானே.

திருவிழாவுக்குக் கடைத் தகரப்பெட்டி, கடைப் பாய், கடைக் கூஜாவோடு வருகிறோம். என் கையில் ஜெபமாலை மட்டும் இருக்கும். அதைக்கூட நான் கோக்கவில்லை. லகாட் ஊர்க் கடையில் வாங்கினேன்.

மரியஜோசப்

---

ஹுத்தான் மெலிந்தாங்,
28 ஜூலை 1927

திரு. மரியஜோசப் அவர்களுக்கு,

எனக்கு ஜலதோஷம். கெர்ட்ரூட்டுக்கு ஜலதோஷம். இந்தக் காகிதத்தில் ஏதாவது கறை தெரிந்தால் அது தும்மல்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குத் தங்களிடம் பதில் வேண்டும். இரண்டாம் நாள் பூசை முடிந்து வந்து, கூடாரத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐந்து நிமிஷம் சீமைத் துணி தாங்கியது. பிறகு துணி முழுக்கச் சொட்ட ஆரம்பித்து, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கி, தண்ணீர் தேங்கி நின்றது. கீழே மலைச்சரிவிலிருந்து வந்த வெள்ளம் பாயைத் தூக்கிக்கொண்டு போனது. சுற்றிலும் நானூறு கூடாரம் இருக்கும். சாக்கிலும் கீற்றிலும் கட்டிய கூடாரத்தில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தைப்பிங் தமையனாரும் எட்டிப் பார்த்தார்.

அப்போது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கடைத் தகரப்பெட்டியின் மேல் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"மிஸ்டர் மரியஜோசப், ஏதாச்சும் செய்யுங்களேன்!" என்றேன்.

"எழுத்துல குடுத்திருக்கேன்லா" என்றீர்கள்.

"நிபந்தனையை வாபஸ் வாங்கிட்டேன்யா!" என்று கத்தினேன்.

"அதையும் எழுத்துல குடுங்க" என்றீர்கள். ஈரத்தில் நான் காகிதத்துக்கு எங்கே போவேன்?

தங்கள் பெண்தான் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் துணியின் உள்பக்கச் சீட்டைப் படித்தாள். "மாமா, இது வெயிலுக்கு மட்டும்தான்னு போட்டிருக்கு" என்றாள். மாமா இருபத்தாறு வருஷமாக இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர். சீட்டின் எழுத்து அழகாக இருந்தது என்று பார்த்தேனே தவிர, படிக்கவில்லை. பிறகு கம்பு ஒன்றை நடுவில் நட்டுத் துணியைக் கூம்பாகத் தூக்கினாள். தேங்கிய தண்ணீர் ஓடிவிட்டது. மேலே வெள்ளத்துக்குத் தப்பிய பாய்களைப் போர்த்திக் கயிற்றால் கட்டச் சொன்னாள், ராஜு கட்டினான். அகப்பையால் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினாள். பக்கத்துக் கூடாரத்தில் காலித் தகரம் ஒன்று வாங்கி, ரொட்டி வெட்டும் கத்தியால் கீழே ஓட்டை போட்டு, பக்கத்தில் வாய் வெட்டி, விறகு வைத்தாள். அரை மணியில் கெர்ட்ரூட் கையில் சூடான காப்பி இருந்தது. கெர்ட்ரூட் அந்தக் காப்பியைப் பற்றி நான்கு நாளாகப் பேசுகிறாள். என்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை. ராஜுவோ அதையும் பேசுவதில்லை.

தங்கள் பெண்ணிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேள்வி தங்களைப் பற்றியது. அவள் இவ்வளவு செய்யும்போதும் தாங்கள் பெட்டியை விட்டு இறங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நான் நனையட்டும் என்று பழி தீர்த்துக்கொண்டீர்களா? அப்படிப்பட்ட மனிதரோடு ஆயுசு முழுக்கச் சம்பந்தம் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஏழாம் தேதி ஓலைக்கு, நான்காம் தேதிக்குள் சாமியாருக்கு எழுத வேண்டும். தங்கள் பதிலைப் பார்த்துவிட்டு எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

ச. லியோனார்ட்

---

சிம்பாங் பூலாய்,
31 ஜூலை 1927

மதிப்புக்குரிய லியோனார்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இதை இசபெல்லாவுக்குக் காட்டாமல் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பழி இல்லை. சத்தியமாக இல்லை. எழுத்து, வாபஸ் என்று நான் பேசியதெல்லாம் சாக்கு. எனக்குப் பயம்.

நீங்கள் "செய்யுங்களேன்" என்றதும் என் கை பரபரத்தது. கம்பை எங்கே நடவேண்டும், கயிற்றை எங்கே இழுக்க வேண்டும் என்று கண்ணுக்குள் படம் ஓடியது. அதே நிமிஷத்தில், நான் நட்ட கம்பு சாய்ந்து, கூடாரம் உங்கள் வீட்டம்மா தலையில் விழுகிறதும் ஓடியது. பெஞ்சு ஒரு தடவை. கூடாரம் இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை பெண் பார்க்க யார் வருவார்கள்? என் வயது நாற்பத்தேழு. என் கையை நம்பாமல் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. இறங்கினால் கை சும்மா இருக்காது என்றுதான் பெட்டியை விட்டு இறங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, உங்களிடம் வீம்பு பேசினேன். நீங்கள் நனைந்ததற்கு அந்த வீம்புதான் காரணம். திட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பும் ரயிலில் இசபெல்லாவிடம் கேட்டேன்.

"தகரத்துல ஓட்டை கீழ போடணும்னு எப்படிம்மா தெரியும்?"

"புஸ்தகத்துல எழுதியிருக்கேப்பா."

"எழுதியிருக்கா?"

"படத்துக்குக் கீழ எல்லாமே எழுதியிருக்குப்பா. எத்தனை அங்குலம், எந்த ஆணி, எல்லாமே."

ஈப்போவில் கன்னியாஸ்திரிகளிடம் அவளை ஆறு வருஷம் இங்கிலீஷ் படிக்கவைத்தது நான். அந்தப் புத்தகத்தை அவளிடம் கொடுத்து ஒரு வரி படிக்கச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. "அப்பறம் ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நவமணிதான் பொறுக்காமல் உடைத்தாள்.

"சொன்னா மனசு ஒடஞ்சிருவீங்கன்னுதான்! நீங்க ஸ்டோருக்குப் போனதும் நீங்க அடிச்சதையெல்லாம் பிரிச்சு, திரும்ப அடிச்சு வைக்கிறது யாரு? ஒங்க மவதான்!"

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். மேசைக் காலில் நான் வைக்காத முட்டு. தட்டுப்பலகையில் நான் அடிக்காத ஆணி, சாய்த்து அடித்தது. என் கைவேலையில் விழாமல் நிற்பது இத்தனை இருக்கிறதே என்று வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். நின்றதெல்லாம் அவள் வேலை. பெஞ்சுக்கு மட்டும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று அவளைத் தலை பின்ன உட்காரவைத்துவிட்டார்கள். முழுக்க முழுக்க நான் ஒருவனே செய்த சாமான் இந்த வீட்டில் அந்தப் பெஞ்சு ஒன்றுதான்.

பெஞ்சுப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டேன். மெத்தைக்குத் தேங்காய் நார் அடைக்கவும் என்று எழுதியிருக்கிறதாம்.

ஆகையால் நீங்கள் நம்ப வேண்டியது என் கையை இல்லை, அவள் கையை. என்னை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கல்யாணத்தன்று பின்வரிசையில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். பெட்டி மேல் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன். ஓலைக்கு மட்டும் எழுதிவிடுங்கள்.

மரியஜோசப்

---

ஹுத்தான் மெலிந்தாங்,
9 ஆகஸ்ட் 1927

அன்புள்ள சம்பந்திக்கு,

ஓலை வாசித்தாகிவிட்டது. உங்கள் கோவிலிலும் வாசித்திருப்பார்கள். இங்கே வாசிக்கும்போது கெர்ட்ரூட் என் விலாவில் இடித்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நிபந்தனையைக் கீழ்க்கண்டவாறு திருத்துகிறேன். உங்கள் கையால் செய்த எதுவும் கூடாது என்பது அப்படியே இருக்கும். மருமகள் கையால் செய்தது எதுவாக இருந்தாலும் வரலாம். ராஜு அடித்த அலமாரி சென்ற வெள்ளிக்கிழமை விழுந்துவிட்டது. ஆணியைச் சாய்த்து அடிக்க வேண்டும் என்ற உங்கள் செய்தியை நான் அவனிடம் சொல்லவில்லை. கோபத்தில் மறைத்தேன். இப்போது சுவரில் பெரிய ஓட்டை இருக்கிறது. மருமகள் வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். நான் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஓட்டை பெரிதானது அப்படித்தான். இது நமக்குள் இருக்கட்டும்.

படகில் ஒரு மூட்டை தேங்காய் நார் அனுப்பியிருக்கிறேன். எங்கள் தோட்டத்து நார், நன்றாக அடித்துக் காயவைத்தது. மருமகளிடம் கொடுத்து, எழுதியிருப்பதைப் படித்து, நான் உட்கார ஒரு மெத்தை தைக்கச் சொல்லவும்.

நிற்க. ஒரு சங்கடம். தமையனார் மறுபடி எழுதியிருக்கிறார். கைலி விஷயத்தோடு இப்போது கூடாரமும் சேர்ந்துவிட்டது. வாழ்த்துரை இரண்டு மணி நேரத்தில் அடங்காது, மூன்று ஆகும் என்கிறார். சேவல் விஷயத்தை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கெர்ட்ரூட் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் ஆபீசுக்காரர்கள், தோட்டத்துத் தொரை, எல்லோரும் வருகிறார்கள். நான் ஐம்பத்திரண்டு வயதுக்காரன், சம்பந்தி. அவர் எழுந்து நின்றால் எனக்கு இந்த ஊரில் தலை காட்ட முடியாது.

அவர் எழுந்து நின்றால்தானே.

அந்தப் பழைய பெஞ்சு இன்னும் இருக்கிறதா? நிபந்தனையில் அதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன். பந்தலில் முன்வரிசையில், மரியாதையாக, அவருக்கென்று போடவும்.

இப்படிக்கு உங்கள் சம்பந்தி,
லியோனார்ட்

---

சிம்பாங் பூலாய்,
12 ஆகஸ்ட் 1927

சம்பந்திக்கு,

நார் மூட்டை வந்தது. இசபெல்லா அளவெடுத்துவிட்டாள். என்னைக் கிட்டே விடவில்லை.

பெஞ்சு இருக்கிறது. கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கழுவி, உங்கள் கால்சட்டைத் துண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்துப் பார்த்தேன். துணியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கல்யாணத்தன்று உங்கள் தமையனாருக்கு ஒரு கைலியும் தயாராக வைத்திருக்கிறேன். பச்சைக் கட்டம்.

இன்று காலையிலிருந்து பெஞ்சை வெயிலில் போட்டிருக்கிறேன்.

மரியஜோசப்